பேரலைச் சுற்றும் சமது பாய்

ஆறு தரம் முன்னும் பின்னும் தேய்க்கிறார். இடது காலை ஓர் எட்டு நகர்த்துகிறார். கையிலிருக்கும் வட்டக் கண்ணாடியை ஒரு விரல்கடை திருப்பிக்கொள்கிறார். மறுபடி ஆறு தேய்ப்பு, ஓர் எட்டு, ஒரு திருப்பு. நடுவில் நிற்பது மண் நிரப்பிய தகரப் பேரல். அதைச் சுற்றி வருபவர் அப்துல் சமது, வயது ஐம்பத்து நான்கு, வில்லியனூரில் மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதிரே பூ விற்கிற அம்மாள் ஒரு நாள் சுற்றுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இத்தினி சுத்து கோயில்ல சுத்தியிருந்தா பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிருக்கும்" என்றாள். பாய்க்குப் பெண் கிடையாது. இரண்டும் பையன்கள், இரண்டு பேருக்கும் வெளியூரில் வேலை.

அவரோடு பேசுவதற்குப் பொறுமை வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம். அதில் பாதி நேரம் அவர் முகம் சுவரைப் பார்த்திருக்கும். மாமியார் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்திருந்த தனக்கொடி வந்து, "பாய், எங்க மாமியா படம் இன்னா ஆச்சு" என்று கேட்டால், அவர் அந்தப் பக்கம் போய்விட்டிருப்பார். சுற்றி வந்ததும், "சட்டம் ரெடிமா, கண்ணாடிதான்" என்பார். மறுபடி மறைவார். அடுத்த நிமிஷம் வந்து, "வெட்டணும்" என்று முடிப்பார். நான்காம் முறை வந்தபோது தனக்கொடி யோசித்துப் பார்த்தாள். செருப்பை வாசலில் விட்டாள். அவர் பின்னாலேயே பேரலைச் சுற்றி நடந்துகொண்டே, படத்தில் பொட்டு கொஞ்சம் பெரியதாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று விவரமாகப் பேசி முடித்தாள். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. வில்லியனூர்க்காரர்களுக்கு அந்த நாகரிகம் உண்டு.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், சர்க்கரையில் ஆரம்பித்தது. சென்ற வருஷம் டாக்டர், தினம் முக்கால் மணி நேரம் நடக்கவேண்டும், இல்லையென்றால் கால் விரலில் ஒன்றிரண்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். சமது இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "வேலை இல்லாம ரோட்டுல நடக்க நான் இன்னா ஓட்டா கேக்கறன்? எதுத்தாப்புல வர்றவன்லாம் எங்க பாய் போறீங்கன்னு கேக்கறான். எங்கியும் போவலன்னு எத்தினி பேருகிட்ட சொல்றது" என்று மனைவி சபுராவிடம் சொன்னார். காரணமில்லாமல் நடப்பது அவருக்குக் கூச்சம். அந்த வாரம்தான் போனில் ஏதோ பார்க்கப் போய், தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்ப்பவர்கள் பேரலைச் சுற்றி நடந்துகொண்டே தேய்ப்பார்கள் என்று பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதால் அந்த நடை. மேலே பிடித்திருக்கும் கண்ணாடி குழியும், கீழே கிடப்பது மேடாகும், நடுவில் சாணைக்கல் தூளான கார்பொரண்டம் பொடியும் தண்ணீரும். நடைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சர்க்கரைக்கு மருந்தாக நிலாவைப் பிடித்தவர் இந்த ஜில்லாவில் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

கனமான கண்ணாடி வேண்டுமே. கடையிலிருந்ததெல்லாம் ஜன்னல் கண்ணாடி, பீரோ கண்ணாடி. அப்போதுதான் ஒதியம்பட்டிலிருந்து பாக்யராஜ் வந்தார். பாக்யராஜ் சொல்தா. பிரெஞ்சுப் படையில் பதினைந்து வருஷம் இருந்து, பிரெஞ்சு பென்ஷனோடும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடும் ஊர் திரும்பி, தென்னந்தோப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். எழுபது வயது, விறைத்த முதுகு, தலையில் எப்போதும் ஒரு வட்டத் தொப்பி. பிரான்சில் தூலோன் துறைமுகத்தில் உடைத்த கப்பலிலிருந்து வாங்கி வந்த ஒரு ஜன்னல் கண்ணாடி அவர் வீட்டு அலமாரியில் நாற்பது வருஷமாக இருந்தது. எட்டு அங்குல வட்டம், கட்டைவிரல் கனம். அதைத் துணியில் சுற்றி மொபெட்டில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"இது பிரான்சு கண்ணாடி, சமது. செய்யறது பிரான்சு மொறையில இருக்கணும். அவ்ளோதான்."

"அதுக்கென்னண்ணா. உங்க மொறையிலயே செஞ்சிடுவோம்" என்றார் சமது. வாக்குக் கொடுத்துவிட்டார். பிரெஞ்சு முறை என்றால் என்ன என்று அவருக்கு அப்போது தெரியாது. முன்னே பின்னே கேட்டிருக்கலாம். கையில் கண்ணாடி இருக்கும்போது அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

பிரெஞ்சு முறை என்றால் ஓட்டை. நடுவில்.

இதை விளக்கிவிட வேண்டும். கண்ணாடி வைத்த தொலைநோக்கியில் வெளிச்சம் குழாயின் அடியிலிருக்கும் குழிக் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பும். அங்கே ஒரு சின்னக் கண்ணாடி வைத்து அதைப் பிடிக்க வேண்டும். நியூட்டன் அந்தச் சின்னதைச் சாய்த்து வைத்து, வெளிச்சத்தைக் குழாயின் பக்கவாட்டில் வெளியே எடுத்தார். நாமும் பக்கவாட்டில் நின்றுதான் பார்க்கவேண்டும். பிரான்சில் கஸக்ரேன் என்றொருவர், சின்னதை மேடாகச் செய்து வெளிச்சத்தைத் திரும்பக் கீழேயே அனுப்பினார். அது வெளியே வர வழி வேண்டும் அல்லவா? அதற்காகப் பெரிய கண்ணாடியின் நடுவில் ஓட்டை.

இதைத் தெரிந்துகொண்டபோது சமது ஐந்து மாதம் தேய்த்திருந்தார். குளியலறைக் கண்ணாடிகளுக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டை போட்ட கை அது. இருபதுக்கு ஒன்று விரிசல் விடும் என்று அந்தக் கைக்குத் தெரியும். கட்டைவிரல் கனத்துக்கு எத்தனைக்கு ஒன்று என்று அது கணக்குப் போட்டுப் பார்த்தது. அன்றைக்கு அவர் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை.

அது முதல் பாக்யராஜ் தினம் பத்து மணிக்கு வந்து, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சண்டை சுற்றுக்கு ஒரு வாக்கியமாக நடக்கும்.

"ஓட்ட எப்போ?"

ஒரு நிமிஷம்.

"நியூட்டன் ஓட்ட போடலியேண்ணா."

"மே நோன்" என்பார் சொல்தா, அதெல்லாம் கிடையாது என்பதை எழுபது வயதிலும் பிரெஞ்சில்தான் சொல்வார். "அவன் இங்கிலீஷ்காரன். கஸக்ரேன் ஆயிரத்தி அறுநூத்தி எழுவத்திரெண்டுல எழுதினாரு. நியூட்டன் பொறாமையில அதத் தப்பு தப்புன்னு எழுதிட்டாரு."

"உங்காளு பதில் எழுதினாரா?"

"இல்ல. மரியாதப்பட்ட மனுசன்."

"செஞ்சி காட்டினாரா?"

பாக்யராஜ் தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்தார். "அதுக்குத்தான் நாம இருக்கோம்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கஸக்ரேன் யார், எந்த ஊர், முழுப்பெயர் என்ன என்பதிலேயே அறிஞர்களுக்குள் சந்தேகம் இருந்தது என்று அவர் படித்திருந்தார். பாதிரியார் என்கிறார்கள், பள்ளி வாத்தியார் என்கிறார்கள். பதில் சொல்லாமல் போய்ச் சேர்ந்த ஒரு மனுஷனுக்காக முந்நூற்றைம்பது வருஷம் கழித்து ஒதியம்பட்டிலிருந்து ஒருவர் கோபப்படுகிறார் என்றால் அதை மதிக்கத்தான் வேண்டும். சமதுவும் மதித்தார். மதித்துக்கொண்டே போனில் தேடிப் பார்த்து, "இன்னிக்கு ஒலகத்துல பெரிய பெரிய தொலைநோக்கியெல்லாம் உங்காளு மொறையிலதான் கீதாம்ண்ணா. அவருக்குப் பதில் கெடச்சிடுச்சு. என் கண்ணாடிய வுட்டுடுங்க" என்றார்.

"வில்லியனூர்ல ஒண்ணு கூட இல்லியே" என்றார் பாக்யராஜ்.

இரண்டு பேருமே பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம். சமதுவுக்கு நியூட்டனைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. நியூட்டன் தானே தேய்த்தார். செம்பும் வெள்ளீயமும் உருக்கி, கோயில் மணி மாதிரியான உலோகத்தில் ஒன்றே கால் அங்குலத்துக்கு ஒரு கண்ணாடி வார்த்து, தன் கையாலேயே பளபளக்க வைத்தார். அவருக்கு முன்னால் கிரெகரி என்று ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் படமெல்லாம் போட்டுவிட்டு, லண்டனில் தேய்த்துத் தர ஆள் கிடைக்காமல் திரும்பிப் போனார். "லண்டன்ல ஒரு பாய் இல்லாம பூட்டான்" என்று சமது இதற்கு உண்மையாகவே வருத்தப்பட்டார். லென்ஸ் ஏன் வேண்டாம் என்று கேட்டால் துணிக்கடைக்காரர் மாதிரி சொல்வார்: "லென்சுல பூந்து வர்ற வெளிச்சம் ஓரத்துல சாயம் வுடும். கண்ணாடில பட்டுத் திரும்பினா சாயம் போவாது."

பாலிஷ் போடும் காலம் வந்தது. குங்கிலியமும் மெழுகும் காய்ச்சிய கீலின்மேல் கண்ணாடியை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நின்றால் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சமயத்தில் சமது ஒரு சரித்திர உண்மையைக் கண்டுபிடித்து வீட்டுக்குள் கொண்டுபோனார். ஹெர்ஷல் என்ற பழைய காலத்து வானவியல்காரர் பதினாறு மணி நேரம் கையெடுக்காமல் பாலிஷ் போட்டபோது, வீட்டுப் பெண்பிள்ளை பக்கத்தில் நின்று சோறு ஊட்டினாள் என்பது அது.

சபுரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "ஊட்டினது யாரு? பொண்டாட்டியா?"

"தங்கச்சி."

"உங்களுக்கும் பாகூர்ல தங்கச்சி இருக்குது இல்ல."

தங்கச்சி மெஹ்ரீன் மறுநாள் பாகூரிலிருந்து பஸ்ஸில் டிபன் பாக்ஸோடு வந்தாள். அண்ணன் பேரலைச் சுற்ற, அவளும் சுற்றிக்கொண்டே வாயில் கவளம் வைத்தாள். ஒரு கவளத்துக்கு ஒரு செய்தி. நாத்தனார் கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரைக் கூப்பிடவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்து மணி நேரத்தில் சமது கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டார். கீல் ஒட்டிக்கொண்டது. அதை வெந்நீர் ஊற்றிப் பிரிக்க ஒரு நாள் போனது. "பதினாறு மணி நேரம் ஊட்டினவ ஊமையா இருந்திருப்பா" என்றார் பிறகு. ஹெர்ஷலைப் பற்றி வீட்டில் அப்புறம் பேச்சு இல்லை.

கண்ணாடியின் வளைவு சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஊசி முனை வெளிச்சத்தைக் கண்ணாடியில் அடித்து, திரும்பி வரும் ஒளியைச் சவர பிளேடு ஒன்றால் மெல்ல வெட்ட வேண்டும். மேடு பள்ளமெல்லாம் மணல்மேடு மாதிரி தெரியும். இதைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர். சமது இதை ஒளிக்காமல் சொன்னார். சொல்தா அன்று புது பிளேடு பெட்டியோடு வந்து, அட்டென்ஷனில் நின்று பிளேடு பிடித்தார். ஓட்டையைப் பற்றி அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை, அன்றும் கதவு சாத்தியிருந்ததால் பார்க்கவில்லை.

பதினோராம் மாதம் தேய்ப்பு முடிந்தது. சமதுவின் சர்க்கரை முந்நூறிலிருந்து நூற்று நாற்பதுக்கு வந்திருந்தது. தெருவுக்குச் செய்தி சொல்லியாகிவிட்டது: வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், எட்டாம் பிறை, கடை வாசலில் எல்லோரும் நிலாவைப் பார்க்கலாம். ஓட்டையைப் பற்றியும் ஓர் உடன்பாடு. "வெள்ளிக்கெழம ஓட்ட இல்லாம ஒருதரம் பாத்துடுவோம். சனிக்கெழம காலைல போட்டுடறன். குடுத்த வாக்குதான்" என்றார் சமது. மேடான சின்னக் கண்ணாடிக்கு என்ன வழி என்று கேட்டதற்கு, "பைக்கு சைடு கண்ணாடி மேடுதான. அதுல ஒண்ண எடுத்துக்க" என்றார் சொல்தா. அதில் வண்டிகள் தெரிவதைவிடக் கிட்டத்தில் இருக்கும் என்று எழுதியிருக்கும். நிலாவுக்கு அது பொருந்துமா என்று சமது யோசித்தார், கேட்கவில்லை.

இனி ரசம் பூச வேண்டும். அது பரம்பரை வேலை மாதிரி அவருக்கு. சின்ன வயதில் கண்ணாடித் தொழிற்சாலையில் கற்றது. கடைப் பலகையிலேயே 'ரசம் போன கண்ணாடிக்கு ரசம் ஏற்றித் தரப்படும்' என்று இருக்கிறது. வெள்ளி உப்புக் கரைசலில் சர்க்கரைக் கரைசலை ஊற்றினால் வெள்ளி தானாகக் கண்ணாடியில் படியும். ஆனால் அந்த வீட்டில் சர்க்கரை டப்பா பீரோவில் பூட்டி இருந்தது. வெள்ளிக்கு வேண்டும் என்று அவர் சொன்னதை சபுரா நம்பவில்லை. டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் எத்தனையோ காரணம் சொல்லிச் சர்க்கரை கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு டம்ளர் சர்க்கரையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கரைசலில் கடைசிப் பொடி விழும்வரை நின்று பார்த்தாள். பிறகு, "கரண்டிய நக்காதீங்க, உள்ள விஷம் கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரசம் ஏறியது. எட்டு அங்குலமும் வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது. சமது அதைக் கழுவி, காயவைத்து, மேஜையில் வைத்தார். முகம் பார்த்தார். குழிக் கண்ணாடியில் அவர் மூக்கு மட்டும் தெரிந்தது, மேஜை அளவுக்கு. அந்த நேரம் பார்த்து சொல்தா வந்து சேர்ந்தார்.

"ஓட்ட எம்மாம் பெருசு போடுவ?"

"அஞ்சு ரூபா காசு அளவு போதும்ண்ணா."

"பத்து ரூபா காசு. கஸக்ரேன் படத்துல பெருசா கீது."

"படத்துல போட்டா போட்டதுதானா? பெருசா போட்டா வெளிச்சம் இன்னாத்துக்கு ஆவும்?"

"மே நோன். நீ நியூட்டன் ஆளு. அப்டித்தான் பேசுவ."

"நான் கண்ணாடி ஆளுண்ணா. பதினோரு மாசம் தேய்ச்சவன் நானு."

இப்படிப் பேச்சு வளர்ந்தது. சமதுவுக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. வாய் பாக்யராஜோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, கை அலமாரியைத் திறந்தது, டப்பாவை எடுத்தது, பிரஷ்ஷை நனைத்தது. ஐந்து ரூபாயா பத்து ரூபாயா என்பதில் சமது ஜெயிக்கிற கட்டத்தில், சொல்தா திடீரென்று பேச்சை நிறுத்தி மேஜையைப் பார்த்தார். சமதுவும் பார்த்தார். வெள்ளியின்மேல் சிவப்புப் பெயிண்ட். ஓரம் முதல் ஓரம் வரை, துளி இடைவெளி இல்லாமல், திட்டில்லாமல், பிரமாதமாக.

கண்ணாடிக் கடைக்காரனுக்கு மட்டுமே வருகிற தவறு இது. வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம். அது உரியாமல் இருக்க மேலே சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். தொலைநோக்கிக்கு ரசம் முன்பக்கம். வெளிச்சம் அதன்மேலேயே விழ வேண்டும். மூளைக்கு இது தெரியும். முப்பது வருஷமாக ரசத்தைக் கண்டால் பெயிண்ட் அடித்த கைக்கு யார் சொல்வது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது இதுதான்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? செய்த தப்பு எதிரில் காய்ந்துகொண்டிருந்தது. பாக்யராஜ்தான் முதலில் எழுந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தின்னர் எங்க?" என்றார். செவ்வாய் சாயங்காலம், புதன் முழுநாள், அந்த எழுபது வயது மனிதர் பனியனோடு நின்று பஞ்சை மாற்றி மாற்றிப் பெயிண்ட்டை ஒத்தி எடுத்தார். அழுத்தித் துடைக்கக்கூடாது என்று சமது ஒரு தரம்தான் சொன்னார். பெயிண்ட்டோடு ரசமும் போய்விட்டது. வியாழக்கிழமை சபுரா இரண்டாவது டம்ளர் சர்க்கரையோடு வந்தாள். இந்த முறை ரசம் ஏறியதும், புருஷனின் பிரஷ்கள் அத்தனையையும் முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை. குழாய் என்பது பத்து அங்குல போர்வெல் பைப். அதை டிரெஸ்ஸிங் டேபிள் கால்களில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். வானத்தைப் பார்த்து நிற்கும் போர் பைப்பைக் கண்டு சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "எத்தினி அடில தண்ணி கெடச்சுது" என்று விசாரித்துவிட்டுப் போனார். வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். தொட்டி தலைகீழாகத் தெரிந்தது. "இங்கிலீஷ்காரன் டிசைன்" என்றார் சொல்தா.

ஆறரைக்கு நிலா நடுவானத்தில் பாதியாக நின்றது. தெருவே வரிசையில் வந்தது. தனக்கொடி பக்கவாட்டில் கண்ணை வைத்துவிட்டு, "இன்னா பாய், அம்ம போட்ட மூஞ்சி மாரி கீது" என்றாள். வரிசையில் மறுபடி கடைசியாகப் போய் நின்றுகொண்டாள். சபுரா, "இதுக்கா ரெண்டு டம்ளர் சக்கர" என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

பாக்யராஜ் மட்டும் வரவில்லை. வந்திருந்தார், ஆனால் வரவில்லை. தன் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயின் அடியில் போட்டு, தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கஸக்ரேன் முறையில் பார்க்கிறவர்கள் உட்கார வேண்டிய இடம் அது. அங்கே அவர் கண்ணுக்கு நேரே, கண்ணாடியைத் தாங்கிக் குழாயை மூடிய பிளைவுட் பலகைதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற சிலர், அங்கே என்னமோ தெரிகிறது போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

சமது ஆளுக்கு ஆள் குழாயை நகர்த்திக் கொடுத்தார், குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார். ஏழரைக்குக் கூட்டம் கலைந்தது. அப்போதுதான் சபுரா கவனித்தாள். நாற்காலி அருகே போய், "அண்ணே, தேய்ச்சவரு இன்னும் பாக்கல" என்றாள்.

"ஏன்?"

"கண்ணாடி குடுத்தவரு மொதல்ல பாக்கணுமாம்."

பிளைவுட்டைப் பார்த்திருந்த தலை மெல்லத் திரும்பியது. பாக்யராஜ் எழுந்தார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, குழாயைச் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். குனிந்தார். நிலா நகர்ந்து கண்ணிலிருந்து போக, சமது குழாயைத் தள்ளிக் கொடுத்தார். மறுபடி போக, மறுபடி தள்ளினார். அப்படி எத்தனை தரம் என்று யாரும் எண்ணவில்லை.

"பாரு" என்று நகர்ந்து நின்றார் சொல்தா.

சமது பார்த்தார். விளிம்பில் பள்ளங்கள் நிழலோடு கிடந்தன, பொடியில் தேய்த்த கண்ணாடியின் முதல் வாரம் மாதிரி. ஓரத்தில் சாயம் இல்லை. இதை உடனே சொல்ல வேண்டும் என்று திரும்பினார். பாக்யராஜ் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டிருந்தார். நாற்காலி கிடந்தது. ஓட்டை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதைப்பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

அந்த ராத்திரி சமது தூங்கியிருக்க மாட்டார் என்றுதான் சபுரா சொல்கிறாள். காலையில் கேட்டதற்கு, "குடுத்த வாக்கு குடுத்ததுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடையைத் திறந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. கண்ணாடி டிரில் மேஜையில் முகம் மேலாக இருந்தது, பள்ளத்தின் நடுப்புள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ரசம் எப்படியும் திரும்பப் பூச வேண்டியதுதான். நடுவில் மார்க்கரால் ஒரு வட்டம், பத்து ரூபாய் காசு அளவு. ஐந்து இல்லை. சுற்றிக் களிமண்ணால் கரை கட்டித் தண்ணீர் விட்டிருந்தார். கூட்டம் இல்லை. தனக்கொடி மட்டும் மாமியார் படத்துக்காக வந்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு வாசலோடு நின்றுவிட்டாள். சமது பிஸ்மில்லா சொன்னார், சுவிட்சைப் போட்டார். கண்ணாடியை வட்டமாக அறுக்கும் குழாய் பிட் சுற்ற ஆரம்பித்தது. கைப்பிடியை மெல்ல இறக்கினார்.

மொபெட் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. பிட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கை நுழைந்தது. கருத்த, எலும்பு தெரிகிற, முழுக்கைச் சட்டையின் பொத்தான் போட்ட கை. அது தண்ணீருக்குள் இறங்கி, வட்டத்தின்மேல், வெள்ளியின்மேல், ஐந்து விரலும் விரிய அப்படியே படிந்தது.

சமது சுவிட்சை அணைத்தார். பிட் நின்றது. பாக்யராஜ் கையை எடுத்தார், சட்டையில் துடைத்துக்கொண்டார், தன் நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தார். ரசத்தில் அவர் உள்ளங்கையும் ஐந்து விரலும், ரேகை ரேகையாகக் கிடந்தன. சமதுவின் தோளில் கிடந்த துண்டு, முப்பது வருஷப் பழக்கத்தில், துடைக்கக் கைக்கு வந்துவிட்டது. அவர் அந்த ஐந்து விரலையும் ஒரு தரம் பார்த்தார். துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மேஜையை விட்டு வந்து, மேலே ஒன்றும் இல்லாத தகரப் பேரலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்.